பொறியாளர் தினத்தில் முல்ஹாலண்டைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: கோபி வாத்தியார்

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தில் இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வருடா வருடம் விஸ்வேஸ்வரய்யா, பென்னிகுயிக், இரண்டு படத்துக்கும் மாலை, கேசரி, முடிந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சே மனப்பாடம். இந்தத் தடவை வில்லியம் முல்ஹாலண்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சிக்கல்.

தெரியாதவர்களுக்காக: அவர் 1855ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. 1878ல் லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர் வாய்க்காலைச் சுத்தம் செய்கிற ஆளாகச் சேர்ந்தார். ராத்திரியில் புத்தகம் படித்தே தலைமைப் பொறியாளர் வரைக்கும் வந்தார். 1913ல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல் தூரம், கால்வாயும் குழாயுமாக, ஒரு பம்பு கூட இல்லாமல் வெறும் வாட்டத்திலேயே தண்ணீரைக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த நகரம் இன்று இருக்கிற அளவுக்கு வளர்ந்ததற்கு அந்தத் தண்ணீர் பெரிய காரணம்.

அவரே கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 அன்று, நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்னால் உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மரண விசாரணையில், யார் மேலும் பழி போடாதீர்கள், மனிதத் தவறு நடந்திருந்தால் அந்த மனிதன் நான்தான் என்று சொன்னார். செத்தவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்றும் சொன்னார். அதே வருடக் கடைசியில் ஓய்வு பெற்றார், 1935ல் இறந்தார்.

என்னுடைய குழப்பம் இதுதான். இவரை முன்மாதிரி என்று சொல்வதா, எச்சரிக்கை என்று சொல்வதா? "நான்தான்" என்று ஒத்துக்கொண்டதோடு பொறியாளரின் பொறுப்பு முடிந்துவிடுமா? எங்கள் துறைத் தலைவர் வேறு, "விழா நாளில் எதற்கு எழவுப் பேச்சு" என்கிறார். அணை வேலையில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: மஞ்சக்காடு

வாத்தியாரே, தாராளமாகப் பேசுங்க. நம்ம பக்கம் கீழ்பவானிப் பாசனம் வந்ததைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஈரோடு எம்.ஏ. ஈஸ்வரன் பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், அவர் பாடுபட்டார். ஆனால் அதற்கான பவானிசாகர் அணையைக் கணக்குப் போட்டுக் கட்டிய இன்ஜினீயர் யார் என்று கேட்டால் எங்கள் பாசன சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அணை நின்றால் பேர் அரசியல்வாதிக்கு, உடைந்தால் பேர் இன்ஜினீயருக்கு. அந்த மனுஷன் நானூறு பேர் செத்த இடத்தில் எழுந்து நின்று "நான்தான்" என்று சொன்னாரே, அதுவே பெரிசு. என் ஓட்டு முன்மாதிரிக்கு.

ஒரு சந்தேகம். பெரிய நகரத்துக்கே தண்ணீர் கொண்டு வந்த ஆள், ஒரு அணையில் எப்படிக் கோட்டை விட்டார்?


பதில்: அணைக்கரை (ஓய்வு, பொ.ப.து.)

தம்பிக்கும் மஞ்சக்காட்டாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பொதுப்பணித்துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி அணைகளில்தான். அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் அளவு. மாணவர்களிடம் 38,000 ஏக்கர் அடி என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள். நம் கணக்கில் அது சுமார் 1.65 டிஎம்சி. பவானிசாகர் 32.8, ஆழியாறு 3.86. ஆழியாறில் பாதி கூட இல்லாத தண்ணீர் அது. அது ஒரு குறுகலான பள்ளத்தாக்கு வழியாக ஐந்தரை மணி நேரம், 54 மைல் ஓடிப் பசிபிக் கடலில் விழுந்திருக்கிறது. வழியில் ஒரு மின்சாரக் கம்பெனியின் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் மட்டும் 84 பேர் போனார்கள். சாந்தா பௌலா ஊரில் டெலிபோன் ஆபரேட்டர்களும் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர்களும் நடுராத்திரியில் வீடு வீடாக எழுப்பினார்கள். இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ. சின்ன அணை, பெரிய அணை என்று நாம் பேசுவது கொள்ளளவை வைத்து. கீழே இருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கோட்டை விட்டது எப்படி என்று கேட்டீர்கள். ஒரே இடத்தில் இல்லை, பல இடத்தில்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிகள் தங்கள் தண்ணீர் போகிறதே என்று 1924ல் கால்வாயின் மதகையே கைப்பற்றி உட்கார்ந்தார்கள். டைனமைட் வைத்துக் கால்வாயைத் தகர்த்ததும் நடந்தது. அதனால் நகரத்துக்குப் பக்கத்திலேயே பெரிய சேமிப்பு வேண்டும் என்ற அவசரம். கட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு தடவை, பத்துப் பத்து அடியாக, உயரத்தைக் கூட்டினார்கள். அடிப்பகுதியின் அகலத்தை அதற்கேற்றபடி கூட்டவில்லை. அது எடையால் நிற்கிற கான்கிரீட் அணை. தண்ணீரின் தள்ளு விசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறும், கவிழ்க்கிற திருப்புத்திறன் மூன்றாம் அடுக்கில் ஏறும். 180 அடியை 200 ஆக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உயரம் ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது, கவிழ்க்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. உங்கள் இரண்டாம் வருடப் பிள்ளைகள் கரும்பலகையில் போட்டுவிடுவார்கள். அந்த இருபது நிமிடத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், விழா என்றாலும் பரவாயில்லை.

அடுத்தது பாறை. ஒரு பக்கக் கரையில் இலை இலையாக உரிகிற சிஸ்ட் பாறை. இன்னொரு பக்கம் சிவப்புக் கூழாங்கல் பாறை. காய்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும். விபத்துக்குப் பிறகு அதில் ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டார்கள், கரைந்து சேறாகப் போய்விட்டது. அந்தச் சோதனையை அணை கட்டுவதற்கு முன்னால் செய்திருக்கலாம், டம்ளர் தண்ணீருக்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அணைக்கு அடியில் புகுந்து மேலே தூக்குகிற நீரழுத்தம், அப்லிஃப்ட், அதை வெளியேற்றுகிற துளைகளை நடுப்பகுதியில் மட்டும் போட்டார்கள். இரண்டு பக்கச் சரிவிலும் இல்லை. அணைக்கு உள்ளே நடந்து போய்ப் பார்க்கிற பாதை, கேலரி, அதுவும் இல்லை.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது மார்ச் 12 காலையைப் பற்றி.

அணை முழுதாக நிரம்பியது மார்ச் 7ஆம் தேதி வாக்கில். 12ஆம் தேதி காலையில் அணைக் காவலர் டோனி ஹார்னிஷ்ஃபெகர் மேற்குக் கரையில் புதுக் கசிவு ஒன்றைப் பார்க்கிறார். தண்ணீர் கலங்கலாக வருகிறது. உடனே போன் செய்கிறார். முல்ஹாலண்ட் உதவியாளர் வான் நார்மனைக் கூட்டிக்கொண்டு பத்தரை மணி வாக்கில் வந்துவிடுகிறார். அலட்சியம் என்று சொல்ல முடியாது, எழுபது தாண்டிய தலைமைப் பொறியாளர் கூப்பிட்டதும் நேரில் வந்தார். சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் வெளியே வரும்போது தெளிவாகத்தான் வருகிறது, பக்கத்தில் புதிதாக வெட்டிய பாதையின் மண்ணில் பட்டுத்தான் கலங்குகிறது என்று முடிவு செய்தார்கள். கான்கிரீட் அணை என்றால் கசியத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கிளம்பிவிட்டார்கள். சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் அணை இல்லை. முதலில் செத்தவர்களில் அந்தக் காவலரும் அவருடைய ஆறு வயது மகனும் இருந்திருப்பார்கள்.

அணை வேலையில் இருந்தவனுக்கு இந்த இடம் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் கசியாத அணை கிடையாது. மண் அணையோ கல் அணையோ, கசிவு இருக்கும். தண்ணீர் தெளிவாக வந்தால் அணை வேர்க்கிறது, கலங்கலாக வந்தால் உள்ளே இருந்து எதையோ எடுத்துக்கொண்டு வருகிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சூப்பர்வைசர் கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கச் சொல்வார். பார்த்துவிட்டு அரை மணி நேரம் நிற்க வைத்து, அடியில் மண் தங்குகிறதா என்று மறுபடியும் பார்க்கச் சொல்வார். பிறகு அளவு. வடிகாலில் 'வி' வடிவத்தில் வெட்டிய தகடு இருக்கும். அதில் நீர் நிற்கும் உயரம் பத்து சதவீதம் கூடினால் ஓட்டம் கிட்டத்தட்ட 27 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் கண் மதிப்பில் எழுதக் கூடாது. அணை நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் போனை எடுக்க வேண்டும்.

ஒரு அணையில், பெயர் வேண்டாம், ஆய்வுக்குப் போனபோது கசிவுப் பதிவேட்டைப் புரட்டினேன். கோடையில் நீர்மட்டம் அடி அடியாக இறங்கியிருக்கிறது. கசிவு மட்டும் தினமும் ஒரே எண், ஒரே பேனா. இறங்கிப் போய்ப் பார்த்தால் தகட்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம், ஆள் நடந்த தடமே இல்லை. அங்கிருந்த லஸ்கரை, அதாவது அணைப் பணியாளரைக் கேட்டேன். "எண் மாறினால் ஏன் மாறியது என்று மேலே கேட்கிறார்கள் சார், மாறாமல் இருந்தால் யாரும் கேட்பதில்லை" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவரை அப்படிப் பழக்கியவர்கள் மேல் வந்தது.

அதனால் முல்ஹாலண்டைப் பற்றி என் எண்ணம் இது. விசாரணையில் "நான்தான்" என்றது பெரிய மனது, அதில் சந்தேகமில்லை. 1979 ஆகஸ்ட்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு-2 அணையின் மண் கரைகள் அடித்துக்கொண்டு போனபோது, செத்தவர்கள் எத்தனை பேர் என்று கூட ஒரே எண் இல்லை. விசாரணை ஆணையம் அறிக்கை தராமலேயே கலைக்கப்பட்டது. அதோடு வைத்துப் பார்த்தால் இவர் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார். ஆனால் அவர் பொறுப்பு கேட்கப்பட்ட நேரம் விசாரணை மன்றத்தில் இல்லை. பத்தரை மணிக்கு அந்தக் கசிவுக்கு முன்னால் நின்றபோதுதான். அதற்கும் முன்னால், உயரத்தைக் கூட்டுகிற வரைபடம் மேசைக்கு வந்தபோது.

அந்த நேரத்தில் அவரை மறுத்துப் பேச அந்த நகரத்தில் ஒரு ஆள் இல்லை. 233 மைல் தண்ணீர் கொண்டு வந்த மனிதரிடம் போய், ஐயா, எதற்கும் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமே என்று யார் சொல்வது? காவலர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், பார்த்தார், கூப்பிட்டார். அதற்கு மேல் அவர் சொல்லுக்கு எடை இல்லை. கலிஃபோர்னியாவில் 1917லேயே அணைகளை மாநிலம் கண்காணிக்கச் சட்டம் இருந்தது, ஆனால் நகராட்சி கட்டுகிற அணைக்கு விலக்கு. ஆக வெளியாள் ஒருவர் வரைபடத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மரண விசாரணை ஜூரிகள் அவரை விடத் தெளிவாக இருந்தார்கள் என்பேன். குற்ற வழக்கு வேண்டாம் என்றார்கள். ஆனால் அவர் சொன்னபடி "அந்த ஒரு மனிதன்" என்பதோடு விடவில்லை. அவரை அப்படி விட்டு வைத்த துறையையும் அதற்கு மேலே இருந்தவர்களையும் சேர்த்தார்கள். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் ஒரு பெரிய அணையை ஒரே ஆளின் தீர்ப்புக்கு விடக் கூடாது என்று எழுதினார்கள். 1929ல் சட்டம் மாறியது, நகராட்சி அணைகளும் மாநிலக் கண்காணிப்புக்குள் வந்தன.

இன்னொன்று, கட்டாயம் சொல்லுங்கள்: ஹாலிவுட்டுக்கு மேலே அதே பாணியில் அவர் கட்டிய இன்னொரு அணை இருக்கிறது, பெயரே முல்ஹாலண்ட் அணை. செயின்ட் ஃபிரான்சிஸ் போன பிறகு அதன் நீர்மட்டத்தை இறக்கினார்கள், முகப்பில் மண்ணைக் கொட்டி முட்டுக் கொடுத்தார்கள். இன்றும் நிற்கிறது.

முன்மாதிரியா எச்சரிக்கையா என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள். உங்கள் பிள்ளைகளில் யாரும் முல்ஹாலண்ட் ஆகப்போவதில்லை. சைட் சூப்பர்வைசர், ஜேஇ, அதிகபட்சம் ஏஇ. அதாவது அந்தக் காவலர் நின்ற இடத்தில் நிற்கப் போகிறவர்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.


பதில்: சேலம் ஜியாலஜி

அணைக்கரை ஐயா எழுதியதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் முட்டுகிறது. நான் நிலவியல் சொல்லிக் கொடுக்கிறவள். "ஒரே ஆளின் தீர்ப்புக்கு விடக் கூடாது" என்பதைக் கேட்டால் நாலு பேரைக் கேட்டால் போதும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இத்தாலியின் வயோந்த்தில் நாலு பேரைக் கேட்டார்கள்.

வயோந்த் 261 மீட்டருக்கும் மேல் உயரமான வளைவு அணை. வடிவமைத்தவர் கார்லோ செமென்சா. நீர்த்தேக்கத்துக்கு மேலே டாக் மலையில் ஒரு பழைய பெரிய நிலச்சரிவு இருக்கிறது, அது மறுபடி நகரலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அவருடைய சொந்த மகன், நிலவியலாளர் எடோர்டோ செமென்சா. 1960 நவம்பரில் ஒரு சிறு சரிவு விழுந்தது, மலையில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு 'எம்' வடிவ விரிசல் திறந்தது. எல்லாரும் பார்த்தார்கள். விஷயம் நம் கை மீறிப் போகிறது என்ற பொருளில் கார்லோவே ஒரு கடிதம் எழுதினார். 1961ல் இறந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் நீர்மட்டத்தை மெதுவாக ஏற்றி இறக்கினால் மலையின் நகர்வைக் கட்டுப்படுத்தலாம் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு 10.39க்கு 26 கோடி கன மீட்டருக்கும் மேலான மலை ஒரே வீச்சில் உள்ளே இறங்கியது. தண்ணீர் அணைக்கு மேலே எழும்பிக் கீழே லொங்கரோனே ஊரைத் துடைத்துவிட்டது. சுமார் 2,000 பேர். அணை உடையவில்லை. இன்றும் அப்படியே நிற்கிறது, பின்னால் தண்ணீருக்குப் பதில் மலை.

அதாவது செமென்சாவின் கான்கிரீட் கணக்கில் தப்பே இல்லை. பொறுப்பு யாருக்கு? அடுத்துப் பதவிக்கு வந்த பியாதெனே தண்டனை பெற்றார். இன்னொரு பொறியாளர் பான்சினி, 1968ல் வழக்கு தொடங்கும் தறுவாயில் தற்கொலை செய்துகொண்டார். சொன்ன ஆள் இருந்தார், கேட்ட ஆளும் இருந்தார், பணம் போட்டாயிற்று என்பதால் நிறுத்த முடியவில்லை.

கூடவே ஒரு திருத்தம், ஐயாவுக்கு. செயின்ட் ஃபிரான்சிஸ் உடைந்ததும் கவர்னர் போட்ட நிபுணர் குழு சில வாரத்திலேயே அறிக்கை தந்து, மேற்குக் கரையின் சிவப்புப் பாறைதான் முதல் காரணம் என்றது. 1990களில் டேவிட் ரோஜர்ஸ் மறு ஆய்வு செய்து, கிழக்குக் கரையில் அணையே ஒரு பழங்கால நிலச்சரிவின் மேல் சாய்ந்திருந்தது, அது நகர்ந்ததுதான் தொடக்கம் என்று காட்டினார். 1924ல் அப்படிப்பட்ட பழைய சரிவை அடையாளம் காணும் அறிவு தொழிலில் பரவலாக இல்லை என்பது அவர் வாதம். டம்ளர் தண்ணீர் சோதனை நல்ல கதை, ஆனால் அது மட்டுமே காப்பாற்றியிருக்காது.

பிரான்சின் மல்பசே பற்றியும் ஒரு வரி. 1959 டிசம்பர் 2 இரவு உடைந்தது, நானூறுக்கும் மேல் சாவு. வடிவமைத்த ஆந்த்ரே குவான் அந்தக் காலத்தில் வளைவு அணைக்கு உலகத்திலேயே பெரிய பெயர். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். அங்கேயும் கான்கிரீட்டில் குறை இல்லை, இடது கரைப் பாறைதான் விட்டுக்கொடுத்தது.


பதில்: அணைக்கரை

அம்மா சொல்வது சரி. மறு ஆய்வை நான் விட்டுவிட்டேன் என்பதை விட, காலைக் கசிவிலேயே மனசு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் கசிவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிழக்குக் கரை நகர்ந்துகொண்டிருந்தது என்றால் இன்னும் மோசம்.

ஆனால் வயோந்த்தில் நாலு பேரைக் கேட்டது யார் என்று பாருங்கள். அணைக் கம்பெனியே தன் செலவில் கேட்டது. வேண்டாம் என்று சொல்லி நிறுத்துகிற அதிகாரம் கேட்கப்பட்டவர்களிடம் இல்லை. கருத்து சொல்வதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இரண்டு ஊரும் போயின.


கோபி வாத்தியார்:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. பேச்சின் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும்: இன்றைக்கு இங்கே இப்படி ஆனால் சட்டப்படி யார் பதில் சொல்ல வேண்டும்? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். துறைத் தலைவருக்கும் ஒரு பதில் தேவை.


பதில்: அணைக்கரை

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021. அந்த வருடம் டிசம்பர் 30ல் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளோடு. பராமரிப்புப் பொறுப்பு உரிமையாளருக்கு, நம் விஷயத்தில் மாநில அரசின் நீர்வளத்துறை. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். அவசரகாலச் செயல்திட்டம் கட்டாயம். குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளி நிபுணர் குழுவை வைத்து முழு மதிப்பீடும் செய்ய வேண்டும். 1928 ஜூரிகள் எழுதியது கிட்டத்தட்ட இதுதான், நமக்கு வந்து சேர இத்தனை வருடம்.

நம்ம பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள மண்ணில் இருக்கின்றன, பராமரிப்பது தமிழ்நாடு. இப்படி ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே நேரடியாக மேற்பார்க்கும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளத்தின் மூன்று ஷட்டர்களில் ஒன்று போனது நினைவிருக்கும். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர்தான் டிஎம்சி கணக்கில் சாலக்குடி ஆற்றில் போனது. அணை உடைவது என்றாலே சுவர் பிளப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சங்கிலி, எதிர் எடை, கிரீஸ், துரு, இதுவும் அணைதான்.

தண்டனை: சட்டப்படியான உத்தரவை மதிக்காமலோ பணியைத் தடுத்தோ நடந்தால் ஒரு வருடம் வரை சிறை, அதனால் உயிர் போனால் இரண்டு வருடம் வரை. கவனியுங்கள், இதில் முல்ஹாலண்ட் மாட்ட மாட்டார். அவர் எந்த உத்தரவையும் மீறவில்லை. நேர்மையாகப் பார்த்து, தப்பாக முடிவு செய்தார். அதற்குச் சட்டத்தில் பிரிவு எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

துறைத் தலைவருக்கு இதைச் சொல்லுங்கள். விஸ்வேஸ்வரய்யா 1903ல் தன்னுடைய புகழ்பெற்ற தானியங்கி மதகுகளைப் பொருத்தியது புனே பக்கம் கடக்வாஸ்லா அணையில். 1961 ஜூலை 12 அன்று, மேலே கட்டிக்கொண்டிருந்த பான்ஷெட் மண் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் அந்தக் கடக்வாஸ்லாவும் உடைந்தது, புனே மூழ்கியது. அப்போது விஸ்வேஸ்வரய்யா உயிரோடு இருந்தார், ஏறக்குறைய நூறு வயது. அவர் மேல் அதில் எந்தப் பழியும் இல்லை. ஆனால் நீங்கள் மாலை போடுகிற படத்துக்கும் அணை உடைவதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது பாருங்கள்.

எழவுப் பேச்சு மட்டும்தான் என்று அவர் முகம் சுளித்தால், கடைசியில் கன்னய்ய நாயுடுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையின் 19ஆம் மதகு சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போனது. ஓய்வு பெற்ற அந்த மதகு நிபுணர் வந்து, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே இரும்புத் தடுப்புகளைத் துண்டு துண்டாக இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்தார். மீதித் தண்ணீர் மிச்சமானது.


மஞ்சக்காடு:

இதெல்லாம் படித்த பிறகு என் ஓட்டை அந்தக் காவலருக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒரு வேடிக்கை பாருங்க, வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறு வற்றிவிடும் என்று எங்கள் பக்கம் போராட்டமே நடந்தது. அதே கசிவு அணையில் வந்தால் ஐயா போனை எடுக்கச் சொல்கிறார். அடுத்த முறை பவானிசாகர் பூங்காவுக்கு மீன் சாப்பிடப் போனால் கரையடியைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.


கோபி வாத்தியார்:

மாணவர்களைப் பவானிசாகருக்கே கூட்டிப்போய் அந்த 'வி' தகட்டைக் காட்டலாமா என்று யோசனை. அனுமதி கிடைக்குமாங்க?


அணைக்கரை:

கிடைக்கும். கல்லூரி முதல்வர் கடிதத்தோடு செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மாணவர் பட்டியல், அடையாள அட்டை நகல் கேட்பார்கள், போட்டோ எடுக்க விடமாட்டார்கள். அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் தேக்க மாட்டார்கள், 105 அடிக்கு விடுவது நவம்பரில்தான். அதனால் விழாவுக்கு முன்னால் ஒரு தடவை, நவம்பரில் நிரம்பியிருந்தால் இன்னொரு தடவை போனால், இரண்டு மட்டத்துக்கும் கசிவு எப்படி மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே எழுதி வரைபடம் போடலாம். கண்ணாடி பாட்டில் நீங்களே கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் கலங்கல் சரியாகத் தெரியாது.